பிள்ளையோடு பைக்கில் வெளியூர்: முதல் ஆபத்து தூக்கம்

திண்டிவனத்தைத் தாண்டி செஞ்சி ரோட்டில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ‘டொக்’ என்று ஒரு முட்டல். பின்னால் உட்கார்ந்திருந்த ஏழு வயது மகளின் ஹெல்மெட். “தூக்கம் வருதாம்மா?” என்றேன். “இல்லப்பா, தூங்கல” என்றாள். அரை நிமிஷத்தில் இன்னொரு ‘டொக்’. கூடவே, என் இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். இறக்கிவிட்டால் நின்றபடியே அவளுக்குக் கண் சொருகியது. மணி காலை ஏழரைதான். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் நாலு மணிக்கே எழுந்துவிட்டாள்.

பிள்ளைகளை பைக்கில் வெளியூர் கூட்டிப்போகிறவர்கள் லாரியை நினைத்துப் பயப்படுவார்கள், மழையை நினைத்துப் பயப்படுவார்கள். தூக்கத்தை நினைப்பவர்கள் குறைவு. ஒரே சீரான இன்ஜின் சத்தம், முகத்தில் காற்று, லேசான ஆட்டம் எல்லாம் சேர்ந்தால் பிள்ளைக்கு அது தொட்டில்தான். பெரியவர்கள் கண் அசந்தால் “கொஞ்சம் நிறுத்துங்க” என்பார்கள். பிள்ளை சொல்லாது. சத்தமே இல்லாமல் கை நழுவும்.

இதற்காகவே ஒரு விதி இருக்கிறது. 2022 பிப்ரவரி 15 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்தம் அது. ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை டூவீலரில் ஏற்றினால் பாதுகாப்புக் கச்சை கட்ட வேண்டும் என்கிறது. பார்ப்பதற்குக் கையில்லாத சட்டை மாதிரி இருக்கும். அதைக் குழந்தைக்குப் போட்டு, அதிலிருந்து வரும் பட்டைகளை ஓட்டுபவர் பள்ளிப்பை மாட்டுவது போலத் தன் தோள்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ எடை வரை தாங்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்பது வரை விதியில் இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும் கட்டாயம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கச்சை என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரிந்திருக்க வேண்டும். தூங்கிச் சரியும் குழந்தையை அது விழாமல் பிடித்துக்கொள்ளும். வண்டியே விழுந்தால் உங்களோடு குழந்தையும் விழும். அதனால்தான் வேகத்துக்கும் எல்லை வைத்தார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி நிற்பது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டரில் அந்த உயரம் 14 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் அடி இரண்டேகால் மடங்கு கூடுகிறது.

அந்த 40ஐ இன்னொரு விதமாகவும் பார்க்கிறேன். பஸ்ஸும் காரும் 80, 90இல் பறக்கும் தேசிய நெடுஞ்சாலையில் 40இல் உருண்டு போவதும் ஆபத்துதான். அதைவிட வேகமாகப் போனால் விதிமீறல். அப்படியானால் நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நீண்ட பைக் பயணமே வேண்டாம். நான் உறுதியாக அப்படித்தான் நினைக்கிறேன். கழுத்து நிற்காத கைக்குழந்தையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

நம் ஊரில் பிள்ளைக்கென்றே ஒதுக்கிய இடம் பெட்ரோல் டேங்க். ‘கண் முன்னால இருக்கான்’ என்று அப்பாவுக்கு ஒரு நிம்மதி. ஆனால் வண்டி மோதினால் பிள்ளை ஹேண்டில்பாருக்கும் அப்பாவின் உடம்புக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். அறுபது, எழுபது கிலோ அந்தச் சின்ன நெஞ்சின் மேல் போய் விழும். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு டீக்கடை வாசலில் கண்ணால் பார்த்தேன். இன்ஜினை அணைக்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அப்பா சட்டைப்பையில் சில்லறை தேடுகிறார். முன்னால் நின்ற பையன் விளையாட்டாக ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டான். வண்டி பாய்ந்து பெஞ்சில் மோதி நின்றது. உதடு கிழிந்ததோடு போயிற்று. அரை நிமிஷம் நிற்பதானாலும் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள்.

கணவன், மனைவி, நடுவில் பிள்ளை என்று போவதைச் சட்டம் ஏற்கிறதா? இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம், குழந்தையும் ஒரு ஆளாகவே கணக்கு. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 2023இல் கேரளத்தில் ஏஐ கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியபோது இது பெரிய பேச்சானது. குழந்தைக்கு விலக்கு வேண்டும் என்று மாநில அரசு கேட்டது. ஒன்றிய அரசு மறுத்துவிட்டது. கார் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு இது கடினமான விதிதான், மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் நானும் மகளும் வண்டியில் போனோம். மனைவியும் இரண்டு வயது மகனும் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்தார்கள்.

நான்கு வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம். பிறக்கும்போது உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்கு. பிள்ளை விழும்போது தலை முந்திக்கொள்வது இதனால்தான். அம்மாவின் ஹெல்மெட்டைத் தூக்கி மாட்டிவிட்டால் அது காக்காது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, பிள்ளையையே கடைக்குக் கூட்டிப்போய் வாங்குங்கள். வாரைப் பூட்டியபின் பின்னாலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது.

பின் சீட்டில் உட்கார வயதை விடக் கால்தான் கணக்கு. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் பாதம் ஃபுட்ரெஸ்டில் அழுந்தி நிற்க வேண்டும். தொங்கும் கால்தான் பின் சக்கரக் கம்பிக்குள் போகும். குதிகால் சதை பிய்ந்துவிடும். கால் எட்டும்வரை காத்திருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. இறங்கும்போது சைலன்ஸர் இல்லாத பக்கமாக இறங்கப் பழக்குங்கள். சுட்டுவிட்டால் பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டினால் போதும். கொப்புளம் பெரிதானால் டாக்டரிடம் காட்டுங்கள்.

புளியமரத்தடியில் அன்று முக்கால் மணி நேரம் இருந்தோம். என் மடியில் தலை வைத்து நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும் முறுக்கு, தண்ணீர். அதற்கப்புறம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தினேன். செஞ்சியை நெருங்கும்போது “அப்பா, மலை மேல வீடு!” என்று கத்தினாள். ராஜகிரிக் கோட்டை. பஸ் ஜன்னலில் அவள் அதைப் பலமுறை கடந்திருக்கிறாள், அன்றைக்குத்தான் பார்த்தாள்.

திருவண்ணாமலையில் விசேஷம் முடிய மாலை ஆறரை ஆகிவிட்டது. இருட்டில் அவளை வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். நான் அன்றிரவு மாமா வீட்டிலேயே படுத்து, விடிந்ததும் தனியாக வண்டியை எடுத்தேன். அவள் ஹெல்மெட்டைப் பின் சீட்டில் கட்டியிருந்தேன்.