ரெண்டு வாங்கினால் ஒரு விமானம் இலவசம்!

கடன்காரர் வீட்டுக்கு அமீனா வந்து பாத்திரம் பண்டங்களை ஜப்தி செய்வார். நஷ்டஈடு கட்டாத அரசு பஸ்ஸை ஸ்டாண்டிலேயே மடக்கி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை இறக்கிவிட்டு, கோர்ட்டுக்கு ஓட்டிப் போவார்கள். இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான். ஆகாய விமானத்தை ஜப்தி செய்து கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

2011 டிசம்பர். லண்டன் காட்விக் விமான நிலையம். ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயிலிருந்து ஏர் ஜிம்பாப்வேயின் போயிங் 767 வந்து இறங்குகிறது. திரும்பக் கிளம்ப வேண்டிய நேரத்தில், 'வண்டி நகராது' என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் சப்ளை செய்த ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு சுமார் 12 லட்சம் டாலர் பாக்கி. பணத்தை எண்ணி வை, பிறகு பற! கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரத்தில் ஊருக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பெட்டியும் கையுமாக நின்றார்கள்.

அதே மாதம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலும் இதே கதை. அங்கே பிடிபட்டது ஒரு போயிங் 737. 2012 ஜனவரியில் ஏர் ஜிம்பாப்வே ஒரு முடிவுக்கு வந்தது. லண்டனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போனால்தானே பிடிப்பார்கள்? போகாவிட்டால்? இரண்டு ஊருக்கும் சர்வீஸ் கட்! மளிகைக் கடைக்காரருக்கு பயந்து அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறோமே, அந்த டெக்னிக்கை ஒரு நாட்டின் தேசிய விமானக் கம்பெனி கடைப்பிடித்தது.

சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் முழுக்கதையையும் படித்து முடித்தபோது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

★ திருட்டுத்தனமாக வந்த ஜெட்

ஏர் ஜிம்பாப்வே பிறவியிலேயே நோஞ்சான் குழந்தை இல்லை. ஜிம்பாப்வேக்கு அப்போது ரொடீஷியா என்று பெயர். சிறுபான்மை வெள்ளைக்காரர்களின் ஆட்சி. அவர்கள் 1965-ல் தன்னிச்சையாக 'சுதந்திரம்' அறிவித்துக்கொள்ள, ஐ.நா. சபை பொருளாதாரத் தடை விதித்தது. விமானம், உதிரி பாகம் எதுவும் யாரும் விற்கக்கூடாது. 1967-ல் தொடங்கிய ஏர் ரொடீஷியா என்ன செய்தது தெரியுமா? 1973-ல் ஐரோப்பாவிலிருந்து மூன்று போயிங் 720 ஜெட் விமானங்களை யாருக்கும் தெரியாமல் ரகசியமாக வாங்கி, பறந்தே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். காதும் காதும் வைத்தாற்போல் வாட்ச் கடத்துவார்கள், தங்கம் கடத்துவார்கள். ஜெட் விமானம்! செய்தது நியாயமா என்பது வேறு விஷயம். அந்த மெக்கானிக்குகளுக்கும் பைலட்டுகளுக்கும் தொழில் தெரிந்திருந்தது.

1980 ஏப்ரலில் நிஜமான சுதந்திரம் வந்தது. ராபர்ட் முகாபே ஆட்சிக்கு வந்தார். கம்பெனி ஏர் ஜிம்பாப்வே ஆனது. தடையெல்லாம் நீங்கி, லண்டனுக்கு நேரடி சர்வீஸ். 1989-லும் 1990-லும் புத்தம்புதிய போயிங் 767 இரண்டு வந்தன. அந்தச் சின்ன நாட்டுக்கு அது எவ்வளவு பெருமை! 'நம்ம ஊர் விமானம், நம்ம ஊர் பைலட்' என்று அந்த மக்கள் மார்தட்டிக்கொள்ள நியாயமான காரணம் இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

★ ஐயா கிளம்பிட்டாரு!

முதல் வியாதி, முதலாளி. கம்பெனி அரசாங்கத்துடையது. அரசாங்கம் யாருடையது? முகாபே 37 வருடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் வெளிநாடு போக வேண்டுமென்றால் ஏர் ஜிம்பாப்வேயின் பெரிய விமானம் ரெடியாக வேண்டும். நெடுந்தூரம் பறக்க இருப்பதே இரண்டு. அதில் ஒன்று 'ஐயா' கூடப் போய்விட்டால், டிக்கெட் வாங்கியவன் கதி? காத்திருக்க வேண்டியதுதான்.

விமானத் தொழிலின் அரிச்சுவடி ஒன்று உண்டு. விமானம் தரையில் நின்றால் செலவு, ஆகாயத்தில் பறந்தால்தான் வரவு. அதுவும் சொன்ன நேரத்துக்குப் பறக்க வேண்டும். ஒரு தடவை ஏமாந்த பயணி மறுதடவை வேறு கம்பெனியில் டிக்கெட் எடுப்பான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவனுக்கும் ஆபீஸில் லீவு முடிகிறதே!

2016-ல் கம்பெனியின் இரண்டாவது பெரிய பதவிக்கு ஒருவரை நியமித்தார்கள். அவர் பைலட்தான், தகுதி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் முகாபேயின் மருமகன். ஊர் வாயை மூட முடியுமா?

★ பதினாலு சைபர்

இரண்டாவது வியாதி, பணம். விமானக் கம்பெனியின் வரவு உள்ளூர்க் காசில் வரலாம். செலவு மட்டும் டாலரில்தான். எரிபொருள், உதிரி பாகம், இன்ஷூரன்ஸ், அடுத்த நாட்டு ஏர்போர்ட்டில் இறங்கும் கட்டணம்... எல்லாமே டாலர். உள்ளூர்ப் பணம் செல்லாக்காசாகிவிட்டால்?

ஜிம்பாப்வேயில் அதுதான் நடந்தது. 2008 ஜூலையில் அங்கே அரசாங்கமே ஒப்புக்கொண்ட பணவீக்கம் 23 கோடி சதவிகிதத்துக்கும் மேல். தப்பாகப் படித்துவிடவில்லை. கோடிதான். 2009 ஜனவரியில் ஒன்றுக்குப் பின்னால் பதினாலு சைபர் போட்ட நோட்டு அடித்தார்கள். காலையில் டிக்கெட் விற்று வந்த காசு, சாயங்காலம் எரிபொருள் வாங்கப் போவதற்குள் கரைந்துவிடும். அந்தக் கூத்து உச்சத்துக்குப் போகுமுன்பே, 2005 நவம்பரில் ஒரு நாள், எரிபொருள் வாங்க வழியில்லாமல் ஏர் ஜிம்பாப்வேயின் எல்லா விமானங்களும் தரையில் நின்றன.

மேற்கத்திய நாடுகளுடன் சண்டை, எனவே 'கிழக்கே பார்' என்றார் முகாபே. கிழக்கே சீனா இருந்தது. எம்.ஏ.60 என்ற சிறிய விமானம் இரண்டை ஜிம்பாப்வே வாங்க, மூன்றாவதை சீனா இலவசமாகக் கொடுத்தது. ஆடித் தள்ளுபடி மாதிரி! 2009 நவம்பரில் அவற்றில் ஒன்று ஹராரேயில் ஓடுபாதையில் வேகமெடுத்துக் கிளம்பும்போது, குறுக்கே ஓடிய காட்டுப்பன்றிக் கூட்டத்தின் மேல் மோதியது. நல்லவேளை, யாரும் சாகவில்லை (பன்றிகளைத் தவிர). விமானம் வாங்குவது சுலபம். ஏர்போர்ட்டுக்கு வேலி போட்டு, ஓட்டை விழுந்தால் அன்றைக்கே அடைப்பது யாருடைய வேலை? அதற்கு ரிப்பன் வெட்டு விழா கிடையாது. அதனால் யாரும் செய்வதில்லை.

★ போட்டியே இல்லாத ரூட்

என்னை உண்மையாகவே வருத்தப்பட வைத்தது இனிமேல் வருவதுதான்.

நாடு சீரழிந்தபோது ஜிம்பாப்வேக்காரர்கள் ஏராளமானோர் பிழைப்பு தேடி இங்கிலாந்து போனார்கள். நர்ஸாக, ஆசிரியராக, முதியோர் இல்லங்களில் ஆயாவாக. அம்மா அப்பாவைப் பார்க்க, கல்யாணம் கருமாதிக்கு, ஊருக்கு வந்துதானே ஆக வேண்டும்? 2007 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹராரே சர்வீஸை நிறுத்திவிட்டது. நேரடியாக லண்டன் போகும் ரூட் முழுக்க ஏர் ஜிம்பாப்வேயின் கையில்! போட்டிக்கு ஆளே இல்லை. ஊர்ப்பாசம் உள்ள பயணிகள். எந்த வியாபாரிக்குக் கிடைக்கும் இப்படி ஒரு அதிர்ஷ்டம்?

அதையும் கோட்டை விட்டார்கள். 2011-ல் சம்பள பாக்கிக்காக பைலட்டுகள் ஸ்டிரைக். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஆண்டு முடிவில் அந்த ஜப்தி. 2012 பிப்ரவரியில் எமிரேட்ஸ் துபாயிலிருந்து ஹராரேவுக்குப் பறக்க ஆரம்பித்தது. காலி நாற்காலியில் அடுத்தவர் உட்கார்ந்துவிட்டார்.

யார் நஷ்டப்பட்டார்கள்? மந்திரிகள் இல்லை. மாதக் கணக்கில் சம்பளம் பார்க்காத மெக்கானிக், கவுன்டர் கிளார்க், ஏர்ஹோஸ்டஸ். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய தேதியில் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள். திறமையும் வாய்ப்பும் உள்ளவர்கள் வேறு நாட்டுக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள்?

2017 மே மாதம் ஐரோப்பிய யூனியன் பாதுகாப்புக் காரணம் காட்டி ஏர் ஜிம்பாப்வேயைத் தன் வான்வெளிக்குள் வரவிடாமல் தடை செய்தது. 2018 அக்டோபரில் கம்பெனி நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டபோது கடன் 30 கோடி டாலருக்கு மேல்! நடுவில் 'ஜிம்பாப்வே ஏர்வேஸ்' என்று புதுப்பெயரில் ஒன்றைத் தொடங்கி, மலேசியாவிலிருந்து பழைய 777 விமானத்தையும் கொண்டுவந்தார்கள். கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க மனைவி பேரில் வீடு வாங்குகிற மாதிரி வேலை என்று ஊரில் பேச்சு அடிபட்டது. 2019 அக்டோபரில் ஏர்போர்ட் கட்டண பாக்கிக்காக தென்னாப்பிரிக்க விமான நிலையங்கள் மறுபடி கதவைச் சாத்தின.

★ அப்படியானால் எத்தியோப்பியா?

"அரசாங்கம் நடத்தினாலே இப்படித்தான் சார்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அவசரப்படாதீர்கள்.

ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய விமானக் கம்பெனி எது? எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ். நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள். முதலாளி யார்? எத்தியோப்பிய அரசாங்கம், நூற்றுக்கு நூறு! 1945-ல் தொடங்கி, அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. கம்பெனியிடம் தொழில் கற்றுக்கொண்டு, 1946 ஏப்ரலில் கெய்ரோவுக்குப் பறந்தார்கள். அந்த நாடும் சொர்க்கம் இல்லை. பஞ்சம், உள்நாட்டுப் போர், 1974-லிருந்து 1991 வரை ராணுவ ஆட்சி. அமெரிக்காவை ஆகாத அந்த கம்யூனிஸ்ட் ராணுவத்தாரும் விமானக் கம்பெனி மட்டும் போயிங்கே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தங்கள் பைலட்டுகளையும் மெக்கானிக்குகளையும் தாங்களே பயிற்சி கொடுத்துத் தயார் செய்தார்கள். அடுத்த நாட்டு விமானங்களை ரிப்பேர் பார்த்துக் கொடுத்தும் சம்பாதித்தார்கள். லாபத்தில் அடுத்த விமானம்.

இரண்டுமே அரசாங்கக் கம்பெனிதான். ஒரு முதலாளி கல்லாவில் கை வைக்காமல் இருந்தார். இன்னொரு முதலாளி கல்லாவைச் சட்டைப்பை என்று நினைத்தார். என் சிற்றறிவுக்கு எட்டிய வித்தியாசம் இதுதான்.

தடைகளால்தான் எங்களுக்கு இந்தக் கதி என்று ஜிம்பாப்வே அரசு சொல்லும். வெளியே கடன் கிடைக்காமல் கஷ்டப்பட்டது நிஜம்தான். ஆனால் பைலட்டுக்குச் சம்பளத்தை பாக்கி வைக்கச் சொல்லி எந்த நாடும் தடை போடவில்லை.

ஏர் ஜிம்பாப்வே செத்துவிடவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய விமானங்களோடு உள்ளூருக்கும் அக்கம்பக்க நாடுகளுக்கும் தட்டுத் தடுமாறிப் பறக்கிறது. வாலில் தேசியக் கொடியின் வண்ணங்கள் பளிச்சென்று இருக்கின்றன. எந்த நாட்டுக்கும் அந்த ஆசை இருக்கலாம், தப்பில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. எரிபொருள் போடுகிறவர் கொடிக்கு சல்யூட் அடிப்பார். கடனுக்கு எரிபொருள் போட மாட்டார்!