கடலுக்குள் மணி அடிக்குமா?

ஓர் ஆகாய விமானம் காணாமல் போய்விடுகிறது. அதில் இருநூறு பேருக்கு மேல் பிரயாணிகள். ஆளுக்கொரு செல்போன், சிலரிடம் இரண்டு. சந்தையில் தொலைந்த போனையே தேடிக் கண்டுபிடித்துவிடும் இந்தக் காலத்தில், இத்தனை போன்கள் சேர்ந்து ஒரு விமானத்தைக் காட்டிக் கொடுக்காதா?

நீங்கள் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். 2014-ம் வருஷம் மார்ச் 8-ந் தேதி, கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் கிளம்பிய எம்.எச்.370 விமானம் பெய்ஜிங் வந்து சேராதபோது, அங்கே காத்திருந்த உறவினர்களும் இதையேதான் கேட்டார்கள். தங்கள் மனிதர்களின் எண்களுக்கு மீண்டும் மீண்டும் போன் போட்டார்கள். சிலருக்கு மறுமுனையில் மணி அடித்தது! மணி அடித்தால் போன் உயிரோடு இருக்கிறது. போன் உயிரோடு இருந்தால்... அந்த நினைப்பை யார்தான் குறை சொல்ல முடியும்?

ஆனால், அந்த மணி எங்கே அடித்தது தெரியுமா? நம் காதில் விழும் மணியோசை எதிராளியின் போனிலிருந்து வருவதே இல்லை. டெலிபோன் கம்பெனியின் இயந்திரம் எழுப்புகிற ஓசை அது. நாம் எண்ணைப் போட்டதும், அந்தப் போன் எந்தக் கோபுரத்தின் பக்கம் இருக்கிறது என்று இயந்திரம் தேடப் புறப்படுகிறது. அதற்குள் நாம் பொறுமை இழந்து வைத்துவிடக் கூடாதே என்று, சில சமயம் தேடும்போதே மணியை அடித்துக் காட்டுகிறது. எஜமானர் ஊரிலேயே இல்லாதபோது, "உட்காருங்கள், இதோ பார்த்து வருகிறேன்" என்று வேலைக்காரன் உபசாரம் செய்கிற மாதிரிதான்!

செல்போன் தானாக ஊரெல்லாம் கேட்கும்படி கூவும் சாதனமல்ல. பக்கத்தில் ஒரு கோபுரம் இருந்தால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவ்வப்போது அதனிடம் சொல்லி வைக்கும். அவ்வளவுதான். 'ஜி.பி.எஸ்.' இருக்கிறதே என்பீர்கள். அது செயற்கைக் கிரகங்கள் சொல்வதைக் காதால் கேட்டு, தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். தெரிந்ததை வெளியே சொல்வதற்குப் பெரும்பாலும் கோபுரம் வேண்டும்.

கோபுரம் இருந்தால் பலன் உண்டு என்பதற்கு நேபாளமே சாட்சி. 2022 மே 29-ந் தேதி, போக்ராவிலிருந்து ஜோம்சோம் போன சிறு விமானம் 22 பேருடன் மலைகளுக்கிடையே மறைந்தது. தலைமை விமானியின் செல்போன் ஒலித்துக்கொண்டிருந்தது. நேபாள டெலிகாம் அதை வைத்து இடத்தைக் கணித்துச் சொல்ல, ராணுவ ஹெலிகாப்டர் அந்தத் திசையில் பறந்தது. மறுநாள் காலை, மலைச்சரிவில் விமானம் நொறுங்கிக் கிடப்பதைக் கண்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. ஆனாலும் உறவினர்களுக்கு உடல்களாவது கிடைத்தன.

எம்.எச்.370 விஷயத்திலும் ஒரு போன் பேசத்தான் செய்தது. பாதை மாறித் திரும்பிய விமானம் பினாங்குத் தீவின் பக்கமாகப் போனபோது, அதிகாலை 1 மணி 52 நிமிஷத்துக்கு, துணை விமானியின் செல்போனை அங்கிருந்த கோபுரம் ஒன்று ஒரு கணம் உணர்ந்தது. பேச்சு எதுவும் இல்லை. விமானம் அந்தப் பக்கம் வந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. அப்புறம் சமுத்திரம். அங்கே கோபுரம் ஏது?

கடலில் விழுந்த பிறகோ, கதை முடிந்தது. செல்போனின் ரேடியோ அலை உப்பு நீரில் சில அங்குலங்களுக்குள் மடிந்துவிடும். இந்துமகா சமுத்திரத்தில் தேடிய இடத்தின் ஆழமோ சுமார் நாலாயிரம் மீட்டர்! அதனால்தான் விமானத்தின் கறுப்புப் பெட்டிகளில், ரேடியோவுக்குப் பதிலாக ஒலியை எழுப்பும் கருவியைப் பொருத்துகிறார்கள். அப்போது அதன் பாட்டரிக்கு 30 நாள் ஆயுள். எம்.எச்.370-ன் இரண்டு பெட்டிகளில் ஒன்றின் பாட்டரிக்கு, 2012 டிசம்பரிலேயே கெடு முடிந்துவிட்டதாம். என்ன சொல்ல!

கடைசியில் துப்புக் கொடுத்தது பிரயாணிகளின் போன்களல்ல, விமானத்தின் சொந்தக் கருவி. இன்மார்சாட் கம்பெனியின் செயற்கைக் கிரகத்துக்கு அது சுமார் மணிக்கொரு தரம் "இருக்கிறேன்" என்று பதில் சொல்லி வந்தது. கடைசிக் குரல் காலை 8 மணி 19 நிமிஷத்துக்கு. பதில் வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, சமுத்திரத்தின் மேல் நீண்ட வளைவு ஒன்றை வரைந்தார்கள். அந்த வளைவை ஒட்டி 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடி, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். விமானம் அகப்படவில்லை. இறக்கையின் ஒரு துண்டு, 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியிருந்தது.

இதற்குப் பிறகு சர்வதேச விதிகளை மாற்றினார்கள். கறுப்புப் பெட்டியின் குரலுக்கு 30 நாளாக இருந்த ஆயுள் 90 நாளாயிற்று. 2018 நவம்பர் முதல், பெரிய பிரயாணி விமானங்கள் சமுத்திரத்தின் மேல் பறக்கையில், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அவை இருக்கும் இடம் கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஒரு ஜெட் விமானம் சுமார் இருநூறு கிலோமீட்டர் போய்விடும்.