நாக்கு மரத்துப்போவது ஏன்?

சீனாவின் செங்டு நகரில் பணிபுரியும் அயல்நாட்டார், சக பணியாளர்களுடன் கொதிக்கும் பொதுப் பாத்திரத்தைச் சூழ்ந்தமர்ந்து சிச்சுவான் மிளகை முதன்முறையாகச் சுவைக்கும்போது, உதடுகள் விறுவிறுத்து நாக்கு மரத்துப்போவதை உணர்கின்றனர். பெயரில் மிளகு எனினும், இது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரம் ஒன்றின் உலர்ந்த கனித்தோலாகும். மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் ஏற்பிகளை, அதாவது குறிப்பிட்ட தூண்டலுக்கு வினைபுரியும் நரம்புப் புரதங்களைக் கிளர்த்தி எரிச்சலைத் தர, இதிலுள்ள சான்ஷூல் என்னும் வேதிப்பொருளோ தொடுகையையும் அதிர்வையும் உணரும் நரம்பிழைகளைத் தூண்டுகிறது. மிளகாய்க்குப் பழகிய நாவுக்கும் இது முற்றிலும் புதிதாகத் தோன்றுவது அதனால்தான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இம்மிளகு தடவப்பெற்ற உதட்டின் துடிப்பைத் தன்னார்வலர்கள் விரலுக்குத் தரப்பட்ட அதிர்வுடன் ஒப்பிட்டபோது, அது வினாடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகளுக்கு இணையாக அமைந்தமை உண்மையிலேயே வியப்புக்குரியது.