ஈ.சி.எம். போச்சுன்னு சொன்னா உடனே நம்பணுமா?

இன்னைக்கு எபிசோட் என் வண்டிக் கதை. இன்னும் சரியா சொன்னா, செலவுக் கதை.

போன ஏப்ரல்ல ஒரு சர்வீஸ் சென்டர் கவுன்டர்ல நின்னுக்கிட்டு ஒரு எஸ்டிமேட்டைப் பார்த்துட்டு இருந்தேன். ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு: ஈ.சி.எம். மாத்தணும், 46,000 ரூபாய். பார்ட் வர மூணு வாரம். வண்டி அப்பாவோடது, 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். அப்பா ஃபோன்ல கேட்டுட்டு ரெண்டு செகண்ட் அமைதியா இருந்தார். அப்புறம், "வித்துடலாம்டா"ன்னார். அவர் வாங்கின முதல் கார் அது.

பிரச்சினை இதுதான். காலையில வண்டி கிளம்பும்போது ஒண்ணுமே தெரியாது. ஓ.எம்.ஆர்.ல வெயில்ல நாப்பது நிமிஷம் ஊர்ந்து, சோழிங்கநல்லூர் சிக்னல் வரும்போது இன்ஜின் உதற ஆரம்பிக்கும். பிக்கப் போயிடும். செக் இன்ஜின் லைட் மினுக்கும். (அந்த லைட் விடாம எரிஞ்சா ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போகலாம். மினுக்கினா ஓரம் கட்டுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காலி பண்ணிடும்.) அரை மணி நேரம் ஆற விட்டா மறுபடி நல்ல பிள்ளை.

ஈ.சி.எம். என்ன பண்ணுது? எந்த சிலிண்டருக்கு எப்போ, எவ்வளவு பெட்ரோல், எப்போ ஸ்பார்க்னு முடிவு பண்ற சின்ன கம்ப்யூட்டர். சிலர் ஈ.சி.யூ.ன்னு சொல்வாங்க. நாலு சிலிண்டர் வண்டி 3,000 ஆர்.பி.எம்.ல ஓடும்போது செகண்டுக்கு நூறு ஸ்பார்க் வரணும். நூறும் சரியான நேரத்துல வரணும்.

எல்லாரும் இதை இன்ஜினோட மூளைன்னு சொல்றாங்க. ஆனா பெரும்பாலும் அடிபடுறது மூளை இல்லை, கை. அதாவது, உள்ளே யோசிக்கிற ப்ராசஸர் தவிர, இன்ஜெக்டரையும் காயிலையும் ஆன்-ஆஃப் பண்ற டிரைவர்னு சில டிரான்சிஸ்டர்கள் இருக்கும். எங்க வண்டியில ஒவ்வொரு பிளக் மேலயும் ஒரு இக்னிஷன் காயில். காயிலோட ஒரு பக்கம் 12 வோல்ட். இன்னொரு பக்கத்தை ஈ.சி.எம். சில மில்லிசெகண்ட் எர்த் பண்ணி, பட்டுன்னு விடும். அப்போ பிளக்ல ஆயிரக்கணக்கான வோல்ட் தாவி ஸ்பார்க் வரும். அந்தச் சில மில்லிசெகண்ட்ல சில ஆம்பியர் கரண்ட் அந்த டிரைவர் வழியாத்தான் ஓடுது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஸ்கேனர்ல ரெண்டு கோட் வந்துச்சு. பி0303, மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். பி0353, மூணாவது காயில் சர்க்யூட் கோளாறு. சர்வீஸ் சென்டர்ல பிளக் மாத்தினாங்க. மூணாவது காயிலை எடுத்து ஒண்ணாவதுல போட்டு, ஒண்ணாவதை இங்க போட்டுப் பார்த்தாங்க. அப்பவும் மூணாவதுதான் மிஸ்ஃபயர். காயில் இல்லைன்னா ஈ.சி.எம்.தான்னு முடிச்சுட்டாங்க. கேட்கும்போது நியாயமாத்தான் இருந்துச்சு. 5,000 அட்வான்ஸும் கட்டிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி ஒரு ஃப்ரெண்ட் சொல்லித்தான் வேளச்சேரி பக்கத்துல ஒரு சந்துல இருக்கிற எலக்ட்ரிகல் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். போர்டு கூட கிடையாது. எஸ்டிமேட்டைப் படிச்சுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எர்த் பார்த்தாங்களா தம்பி?"

யாரும் பார்க்கலை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ஈ.சி.எம்.மோட எர்த் பின்னுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சா 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டணும். அதுக்கு மேல போனா எங்கயோ துரு இல்ல லூஸ் போல்ட். பத்து நிமிஷ வேலை. எங்க வண்டியில அது சரியா இருந்துச்சு. அடுத்து ஈ.சி.எம். சென்சார்களுக்குக் கொடுக்கிற 5 வோல்ட் லைன். ஒரே லைன்ல பல சென்சார் தொங்கும். அதுல ஒண்ணு ஷார்ட் ஆனாலும் மொத்த லைனும் விழும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, சில நேரம் ஸ்கேனர் கூட பேசாது. பார்க்கிறவங்களுக்கு ஈ.சி.எம். செத்த மாதிரியே தெரியும். சென்சார் கனெக்டரை ஒண்ணொண்ணா கழட்டினா, எதைக் கழட்டும்போது 5 வோல்ட் திரும்ப வருதோ அதுதான் குற்றவாளி. எங்களுக்கு அதுவும் இல்லை. காயில்ல இருந்து வர வயரை ஆட்டி ஆட்டி செக் பண்ணார், அதுலயும் கோளாறு இல்லை.

அப்புறம் பண்ணதுதான் எனக்குப் பிடிச்சது. வீட்டுல இருந்து ஹேர் டிரையர் எடுத்துட்டு வந்தார். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விட்டுட்டு, ஈ.சி.எம். பெட்டியை மட்டும் சூடு காட்டினார். ஒன்பதாவது நிமிஷம் உதறல். மூணாவது சிலிண்டர்.

"அவங்க சொன்னது சரிதான் தம்பி. உள்ள டிரைவர் போச்சு."

எனக்கு முகம் தொங்கிடுச்சு. அவர் அதோட விடலை. "சரி, ஏன் போச்சு?"ன்னு அவரே கேட்டுட்டு, காயில்களைக் கழட்டி ப்ரைமரி ரெசிஸ்டன்ஸ் அளந்தார். மூணு காயில் 0.8 ஓம் பக்கத்துல. ஒண்ணு மட்டும் 0.3. (இவ்வளவு சின்ன அளவு எடுக்கும்போது மீட்டரோட ரெண்டு முனையையும் முதல்ல தொட வெச்சு, வர்ற எண்ணைக் கழிச்சுக்கணும்.) போன தீபாவளிக்கு முன்னாடி நான்தான் ரோட்டோரக் கடையில மலிவா ஒரு காயில் வாங்கி மாட்டினேன். உள்ளே சுத்து ஷார்ட் ஆகி, ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சு, கரண்ட் எகிறி, அந்த டிரைவரை ஆறு மாசமா வறுத்திருக்கு. சேதம் காயிலோட வந்தாலும் காயிலோட போகலை. அதனாலதான் காயிலை மாத்திப் பார்த்தப்பவும் கோளாறு மூணாவதுலயே நின்னுச்சு.

இப்போ அந்தக் காயில் எங்க இருந்துச்சு? ஒண்ணாவது சிலிண்டர்ல. மாத்திப் பார்த்தவங்க திருப்பிப் போடலை. ஒரு வாரமா அடுத்த டிரைவரை வறுத்துட்டு இருந்துச்சு. 46,000 ரூபாய் ஈ.சி.எம்.மை வாங்கி மாட்டியிருந்தா அதுவும் இதே வழியில போயிருக்கும். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

இனி மாத்துற வேலை. மூணு வழி இருந்துச்சு. புதுசு வாங்கி கோடிங் பண்றது. போர்டைத் திறந்து டிரைவரை மட்டும் மாத்துறது. இல்ல, பழைய ஈ.சி.எம். ஒண்ணு வாங்கி, நம்ம டேட்டாவை அதுல ஏத்துறது. போர்டு ரிப்பேர் மலிவு, ஆனா அந்த டிரைவர் உடனே கிடைக்கலை. அதனால மூணாவது வழி. புதுப்பேட்டைக்குப் போனோம். முதல் கடையில அதே டப்பா, அதே கனெக்டர், ஆனா பார்ட் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து வேற. அண்ணன் தொடவே இல்லை. கியர்பாக்ஸோ எமிஷன் செட்டிங்கோ மாறியிருக்கலாமாம். நாலாவது கடையில எழுத்துக்கு எழுத்து பொருந்துச்சு. 9,500. பில் கேட்டு வாங்கினோம். எங்க இருந்து வந்த பார்ட்டுன்னு நாளைக்கு யாராவது கேட்டா கையில காகிதம் வேணும்.

மாட்டும்போது சாவியை எடுத்துட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, சில நிமிஷம் விட்டுத்தான் கனெக்டரைத் தொட்டார். பின்களைக் கையால தொடவே கூடாது. நம்ம உடம்புல இருக்கிற ஸ்டேட்டிக் போதும் அதைக் கெடுக்க.

நான் அவசரப்பட்டு, அப்படியே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமேன்னேன். அவர் சிரிச்சுட்டு சாவியைக் கொடுத்தார். இன்ஜின் ரெண்டு செகண்ட் ஓடி நின்னுடுச்சு. டேஷ்ல சாவி படம் மினுக்குது. இம்மொபிலைசர். சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கு. அதோட கோடு ஈ.சி.எம்.ல பதிஞ்சிருக்கும். வேற வண்டி ஈ.சி.எம்.முக்கு நம்ம சாவி அந்நியன். "இம்மொபிலைசரையே ஆஃப் பண்ணித் தரோம்"னு சிலர் சொல்வாங்க. வேண்டாம். அதுக்கப்புறம் சாதா வெட்டின சாவி இருந்தாலே யார் வேணா உங்க வண்டியை எடுத்துட்டுப் போகலாம்.

அதுக்குத்தான் க்ளோனிங். அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பழைய ஈ.சி.எம்.ல இருந்து மெமரி மொத்தத்தையும் படிச்சு, வாங்கினதுல எழுதினார். எங்க டிரைவர்தான் போச்சு, மெமரி நல்லா இருந்ததால இது முடிஞ்சுது. எழுதும்போது நடுவுல கரண்ட் போனா டப்பா செங்கல்லுதான். அதனால மேஜைக்குக் கீழே யூ.பி.எஸ். வெச்சிருந்தார். கட்டணம் 6,000. அதுக்குப் பிறகு த்ராட்டில் ரீலேர்னிங், புது ஒரிஜினல் காயில் ஒண்ணு, அண்ணன் கூலி. எல்லாம் சேர்த்து 20,000-க்குக் கொஞ்சம் மேல.

அடுத்த ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு, ஏ.சி. போட்டு, வேணும்னே ஓ.எம்.ஆர்.ல எடுத்துட்டுப் போனேன். அப்பா பக்கத்து சீட்ல. சோழிங்கநல்லூர் சிக்னல்ல ரெண்டு பேரும் பேசலை. டேஷ்போர்டையே பார்த்துட்டு இருந்தோம். பச்சை விழுந்துச்சு. வண்டி கிளம்புச்சு. "ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமா?"ன்னார்.

அட்வான்ஸ்ல 1,000 பிடிச்சுட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அந்த 0.3 ஓம் காயில் இப்பவும் என் மேஜையில இருக்கு. எதையாவது மலிவா ஆர்டர் பண்ணப் போகும்போது அப்பா அதைக் காட்டுவார்.