சுற்றி ஒலிக்கும் லெனின்கிராட்

டிமித்ரி சொஸ்தாகோவிச்சின் ஏழாவது சிம்பொனி, போருக்குள் தொடங்கப்பட்டு இடப்பெயர்வில் முடிக்கப்பட்ட இசை. 1941ஆம் ஆண்டு யூலை மாதம் லெனின்கிராட் நகரில் அவர் இதனை எழுதத் தொடங்கினார். செப்டெம்பர் 8ஆம் நாள் நகரத்தின் தரைவழிகள் யாவும் அடைபட்டன. முதல் மூன்று பகுதிகளும் அந்த மாதம் முடிவதற்குள் நிறைவெய்தின. ஒக்டோபர் முதலாம் நாள் அவரும் மனைவி பிள்ளைகளும் விமானத்தில் வெளியேற்றப்பட்டனர். இறுதிப் பகுதியை வொல்கா ஆற்றங்கரை நகரான குய்பிஷெவ்வில் தங்கியிருந்தபோது, டிசெம்பர் 27ஆம் நாள் எழுதி முடித்தார். 1942 மார்ச் 5ஆம் நாள் அதனை முதன்முதலில் வாசித்ததும், மொஸ்கோவிலிருந்து அங்கு இடம்பெயர்ந்திருந்த பொல்ஷோய் அரங்கின் இசைக்குழுவே. அவ்வகையில் எமது வாசகர்களுக்கு இது அந்நியமான இசையன்று.

இந்தச் சிம்பொனியை ரஷ்யத் தேசிய இசைக்குழு பாவோ யார்வியின் நெறியாள்கையில் வாசித்த பதிவொன்றை, நெதர்லாந்தின் பென்டாடோன் நிறுவனம் 2015இல் சுற்றொலி இறுவட்டாக வெளியிட்டது. யார்வியும் புலம்பெயர்ந்தவரே. எஸ்தோனியாவின் தாலின் நகரில் 1962இல் பிறந்த அவர், 1980இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். ஐந்து ஒலிபெருக்கிகளின் நடுவே அமர்ந்து இப்பதிவை நாம் கேட்டோம்.

சுற்றொலி என்றதும் திரையரங்கே பலருக்கு நினைவில் எழும். விமானம் தலைக்கு மேலாகப் பறக்கும், முதுகுப்புறத்தில் குண்டு வெடிக்கும். இசைப் பதிவுகளில் பெரும்பாலும் அவ்வாறில்லை. முன்புறத்தில் இடம், நடு, வலம் என மூன்று பெட்டிகள் இசைக்குழுவைத் தருகின்றன. பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி வைக்கப்படும் இரண்டு பெட்டிகள், மண்டபத்துச் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியையே தருகின்றன. வாத்தியங்கள் முன்னே நிற்கின்றன. இடம் எம்மைச் சூழ்கின்றது.

இதன் பயன் முதற் பகுதியின் நடுவில் விளங்குகின்றது. அங்கே ஒரு சிறு முரசு, காதுக்கு எட்டியும் எட்டாமலும், ஒரே தாளத்தைத் தட்டத் தொடங்குகின்றது. வயலின்கள் வில்லின் மரத்தால் தந்தியைத் தொட்டு எளிமையான, ஏறக்குறைய விளையாட்டுத்தனமான ஒரு மெட்டை எடுக்கின்றன. அந்த மெட்டு பன்னிரண்டு முறை வருகின்றது. ஒவ்வொரு முறையும் வாத்தியங்கள் கூடுகின்றன, தாளமோ மாறுவதில்லை. சொஸ்தாகோவிச் வழமையான பித்தளை ஊதுகருவிகளோடு நான்கு ஹோர்ன், மூன்று ட்ரம்பெட், மூன்று ட்ரொம்போன் ஆகியவற்றை மேலதிகமாகக் கேட்டிருந்தார். முரசு தொடங்கும்போது பின்புறப் பெட்டிகள் அநேகமாக மௌனமாகவே உள்ளன. ஒலி வளர வளர மண்டபம் அதிர்கின்றது; அந்த அதிர்வு பின்னிருந்தும் வரத் தொடங்குகின்றது. வாசிப்போர் எவரும் இருக்கையை விட்டு நகரவில்லை. ஆயினும் எதிரே தொலைவில் இருந்த ஒன்று எம்மைச் சூழ்ந்துவிட்டது. முற்றுகை என்பதைச் செவியால் உணர்த்துவதற்கு இதனிலும் பொருத்தமான வழி இருக்க இயலாது. அந்த மெட்டு குறிப்பது ஹிட்லரின் படைகளை மட்டுமா, ஸ்டாலினின் கொடுமையையும் சேர்த்தா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பேரோசை அடங்கிய பின்னர் பசூன் என்னும் மரத்துளைக் கருவி நெடுநேரம் தனியே புலம்புகின்றது. அதனைச் சுற்றியுள்ள வெறுமையையும் பின்புறப் பெட்டிகளே கேட்கச் செய்கின்றன.

இசை எழுந்த நகரமோ இதனை எளிய ஒலிபெருக்கிகளில்தான் கேட்டது. முற்றுகைக் காலத்தில் வீடுகளிலும் தெருக்களிலும் கம்பிவழி வானொலி இருந்தது. நிகழ்ச்சி இல்லாத வேளைகளில் மெட்ரோனோம் தட்டும் ஓசை ஒலிபரப்பாகும். மெதுவாகத் தட்டினால் ஆபத்தில்லை. விரைந்து தட்டினால் விமானத் தாக்குதல். பட்டினியாற் பல இலட்சம் மக்கள் மடிந்த அந்நகரில், 1942 ஓகஸ்ட் 9ஆம் நாள் கார்ல் எலியாஸ்பெர்க் இச்சிம்பொனியை நடத்தினார். வானொலி இசைக்குழுவில் ஒத்திகைக்கு வரும் வலுவோடு எஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலரே. படையணிகளிலிருந்து வாத்தியக்காரரை வரவழைத்தே இடங்கள் நிரப்பப்பட்டன. அன்று ஜேர்மனியப் பீரங்கிகள் வாய் திறவாதிருக்க, சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அவற்றின் நிலைகளைத் தாக்கின. ஒலிபெருக்கிகள் நகரத்தை நோக்கி மட்டுமன்றி எதிரியின் அரணை நோக்கியும் ஒலித்தன. அன்று கேட்டவர்களுக்குப் பின்புறப் பெட்டிகள் தேவைப்படவில்லை. முற்றுகையே அவர்களைச் சுற்றி நின்றது. 872 நாட்கள் நீடித்த அது 1944 சனவரி 27ஆம் நாளே முடிவுக்கு வந்தது.

கேட்க விரும்பும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். சுற்றொலிக்கு அதற்குரிய கருவி வேண்டும். ஆனால் இதே இறுவட்டுச் சாதாரணக் கருவியிலும் ஸ்டீரியோவாக இயங்கும். முழுவதும் கேட்க ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். முரசு கேட்கவில்லையே என்று தொடக்கத்தில் ஒலியைக் கூட்டிவிட வேண்டாம். மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு, பத்து நிமிடம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செல்வீச்சுக்குள் வாழ்ந்து வந்தவர்களுக்கு முதற் பகுதி இலகுவாக இராது. அவர்கள் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். தாய்நாட்டின் பரந்த வெளிகள் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட எண்ணிய சொஸ்தாகோவிச், பின்னர் தலைப்புகளை நீக்கிவிட்டார். செப்டெம்பர் 29ஆம் நாள் லெனின்கிராட்டில் அப்பகுதியை எழுதி முடித்தார். இரண்டு நாட்களின் பின் நகரைவிட்டு வெளியேறினார்.