றெசினுக்குள் ஒரு வேப்பம்பூ

கண்ணாடி போன்ற சிறு வில்லை, அதற்குள் வாடாத ஒரு வேப்பம்பூ. தோடு, பென்ரன், திறப்புக்கோர்வை என்று றெசினில் செய்யும் கைப்பணிப் பொருட்களைப் பார்த்து, நாமும் செய்து விற்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகள் பலர். செய்யலாம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு மேசையும் சிலிக்கோன் அச்சும் போதும். ஆனால் மெழுகுதிரி வார்த்துப் பழகியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இறுகிய றெசினைத் திரும்ப உருக்க முடியாது. பிழைத்தால் பொருளும் காசும் போனதுதான்.

எபொக்சி றெசின் இரண்டு போத்தல்களில் வரும். ஒன்று றெசின், மற்றது அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர். சில வகைகளுக்குச் சம அளவு, சிலவற்றுக்கு இரண்டுக்கு ஒன்று. போத்தலில் குறித்திருப்பது கனவளவா நிறையா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஹார்ட்னரைக் கூட்டி விட்டால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம். அது பிசுபிசுப்பாகவே கிடந்துவிடும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆறுதலாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் குமிழி நிறையும். பெரும்பாலும் 24 மணித்தியாலத்தில் அச்சிலிருந்து எடுக்கலாம். முழுதாக இறுகச் சில நாட்கள் செல்லும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஈரக்காற்றினால் மேற்பரப்பு மங்கிப்போவதுண்டு.

பூக்களைப் பழைய கொப்பிக்குள் வைத்துப் பாரமேற்றி, இரண்டு மூன்று வாரம் நன்றாகக் காயவிடுங்கள். சிறிதளவு ஈரம் இருந்தாலும் உள்ளே பழுப்பாகும். மல்லிகையின் வெள்ளை நிறம் நிற்பது கடினம். சிப்பியும் பனையோலைத் துண்டும் இந்தத் தொல்லை தராதவை. நம் ஊர் அடையாளமும் அவற்றில் இருக்கிறது.

இறுகாத றெசின் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால் அநேகமாக வாழ்நாள் முழுவதும் இருக்கும். தொழிலையே விட வேண்டி வரும். எனவே நைத்திரைல் கையுறை ஆடம்பரமல்ல. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், தின்னர் வேண்டாம். குசினியிலோ பிள்ளைகள் படுக்கும் அறையிலோ வார்க்காமல், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். தேய்த்து மினுக்கும்போது தூசி பறக்காதபடி தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகமூடியும் அணியுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தள்ளிவைப்பதே நல்லது.

கணக்கையும் பார்ப்போம். 3 சென்ரிமீற்றர் விட்டமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள வட்ட வில்லைக்குச் சுமார் மூன்றரை மில்லிலீற்றர் றெசின் செல்லும். 100 மில்லிலீற்றரில் 28 வரும் என்று கணக்குச் சொன்னாலும், கோப்பையில் ஒட்டுவதும் பழுதாவதும் போக 22 அளவில் எதிர்பாருங்கள். கையுறை, கொளுக்கி, உங்கள் நேரம் எல்லாவற்றையும் விலையில் சேருங்கள். றெசின் இறக்குமதிப் பொருள். 2022இல் ரூபாய் சரிந்தபோது இத்தகைய பொருட்களின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் கண்டோம். முற்பணம் வாங்காமல் பெரிய ஓடர் எடுக்க வேண்டாம்.

இன்னொரு வகை ஓடரும் வரும். இல்லாமற்போனவரின் படம், அவர் உடுத்த சட்டையின் ஒரு துண்டு, இவற்றை வில்லைக்குள் வைத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். நம் வீடுகளிலும் அப்படியொரு படம் இருக்கும். மூலப்படத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். கடதாசி றெசினை உறிஞ்சிக் கறுத்துத் திட்டுத் திட்டாகும். பிறகு மீட்க வழியில்லை. பிரதி எடுத்து, இரு பக்கமும் வெள்ளைப் பசை பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே வையுங்கள். துணி ஊறி நிறம் மாறும் என்பதையும் கேட்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, வேறொரு துணித் துண்டில் வார்த்துக் காட்டிவிட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் தொடங்குங்கள்.