குழாய்ல காவிரி வந்தாச்சு, ஃப்ளோரைடு போயாச்சா?

இன்னிக்கு நாம பேசப் போறது ஓசூருக்குப் பக்கத்துல இருக்கிற தேன்கனிக்கோட்டையைப் பத்தி. அந்தப் பகுதிக்கு இப்போ குடிதண்ணி எப்படி வருது? இருபது வருஷம் கழிச்சு எப்படி வரும்?

முதல்ல ஒரு பின்னணி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள்ல பல ஊர்கள்ல நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைஞ்சு வர்ற உப்பு அது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும் ஏத்துக்கலாம். அதுக்கு மேல வருஷக்கணக்கா குடிச்சா முதல்ல பல்லுல கறை விழும், அப்புறம் எலும்பும் மூட்டும் இறுகும். தண்ணியைக் கொதிக்க வெச்சாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அதோட அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதுக்குத் தீர்வா வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். இதைப் பத்தி கர்நாடகாவோட ஒரு புரிதல் வந்தது 1998-ல. ஜப்பான் கடனுதவியோட அடிக்கல் நாட்டினது 2008-ல. அந்த வருஷமே எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. கடைசியில திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல. பேச்சு ஆரம்பிச்சதிலேர்ந்து குழாய்ல தண்ணி வர 15 வருஷம்! இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்குங்க.

மேப்பைத் திறந்து பாருங்க. தேன்கனிக்கோட்டையிலேர்ந்து அஞ்செட்டி வழியா கீழே இறங்கினா பிலிகுண்டுலு. கர்நாடகா விடுற காவிரித் தண்ணியை அளக்கிற இடம் அதுதான். அதுக்குக் கொஞ்சம் கீழே ஒகேனக்கல். அங்கே எடுத்துச் சுத்திகரிக்கிற தண்ணி ஓசூர் மேட்டுக்கு வரணும்னா, ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் பம்ப் பண்ணி ஏத்தணும். அதனால ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாடியும் கரண்ட் செலவு இருக்கு. கரண்ட் போனாலோ, பைப் உடைஞ்சாலோ, கோட்டோட கடைசியில இருக்கிற ஊருக்குத்தான் முதல் அடி.

சரி, எதிர்காலத்துக்கு எப்படித் திட்டம் போடுறது? அடிப்படைக் கணக்கு ரொம்ப சிம்பிள்: எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை லிட்டர். இந்தத் திட்டம் உருவானப்போ கிராமத்துக்கான தேசிய அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். 2019-ல வந்த ஜல் ஜீவன் திட்டத்துல அது 55 ஆச்சு. ஒரு ஆள்கூட புதுசா வரலைன்னாலும் தேவை மூணுல ஒரு பங்குக்கு மேல கூடிடுச்சு. ஆனா இங்கே ஆட்களும் வந்துக்கிட்டே இருக்காங்க. ஓசூர் 2019-ல மாநகராட்சி ஆச்சு. தேன்கனிக்கோட்டை பக்கத்துலயும் ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வந்தாச்சு, கூடவே ஹாஸ்டல்களும்.

தண்ணி பத்தலைன்னா என்ன ஆகும்? டேங்க்ல போர் தண்ணியைக் கலக்கிறதுதான் ஈஸியான வழி. ஒரு உதாரணக் கணக்கு: போர் தண்ணியில 3 மில்லிகிராம், காவிரியில 0.3-ன்னு வெச்சுப்போம். பாதிக்குப் பாதி கலந்தா 1.65. மறுபடியும் வரம்பைத் தாண்டிடுச்சு! அதாவது இங்கே பற்றாக்குறைன்னா காலிக் குடம் மட்டும் இல்லை. குடம் நிறைஞ்சே இருக்கும், ஆனா பழைய வியாதியும் அதுலயே திரும்பி வரும்.

அரசு இரண்டாம் கட்டத் திட்டத்தை அறிவிச்சிருக்கு. நல்லதுதான். ஆனா அந்த 15 வருஷத்தை மறக்காதீங்க. அதுவரைக்கும் என்ன பண்ணலாம்? சென்னைல கோயம்பேட்டுல ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிச்சு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குத் தர்றதுக்கு ஒரு நிலையம் இருக்கு. ஓசூர்லயும் ஆலைகளுக்கு அந்த மாதிரித் தண்ணி கிடைச்சா, நல்ல தண்ணி குடிக்கிறதுக்கு மிஞ்சும். கூடவே, போர் தண்ணி கலக்கிற ஒவ்வொரு டேங்க்லயும் ஃப்ளோரைடை அடிக்கடி டெஸ்ட் பண்ணி, அந்த அளவை டேங்க்லயே எழுதி வைக்கலாம்.

நீங்க ஓசூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தா, ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, இது காவிரியா, போரா, இல்லை ரெண்டும் கலந்ததா?" பதில் என்னன்னு எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!